விருந்தும் மருந்தும்
ஹவாய்த் தீவுகளுக்கு ஒரு மனப்பயணம்

பசிபிக் மாக்கடலின் நட்டநடுவே, எந்தக் கண்டத்தின் கரையிலிருந்து பார்த்தாலும் இரண்டாயிரம் மைலுக்கு அப்பால், கடலடியிலிருந்து எழுந்த எரிமலைகள் உருவாக்கிய தீவுக்கூட்டம் ஒன்றுண்டு. உலகப் படத்தில் கடுகைத் தூவியது போலத் தோன்றும் அத்தீவுகளின் பெயர் ஹவாய். முன்னாளில் தனி அரசாக விளங்கிய அந்நாடு, 1959-ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஐம்பதாவது மாநிலமாயிற்று. அன்பு வாசகர்களே, இம்மாதம் அத்தீவுகளுக்கு மனத்தால் ஒரு பயணம் சென்று வருவோம். கடற்கரையின் எழிலைக் கண்டு களிப்பதற்கு மட்டுமன்று. வந்த விருந்தினரை வாயிலில் நிறுத்தவேண்டிய இக்கட்டு ஒரு குடும்பத்திற்கு நேர்ந்தால் அது எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதை அறிந்து வருவதற்காகவும் செல்வோம்.

ஹவாய் மக்கள் விருந்தோம்பலுக்குப் பெயர் பெற்றவர்கள். வருகிறவர் கழுத்தில் ‘லேய்’ எனப்படும் மலர்மாலையைச் சூட்டி, ‘அலோகா’ என்று வாழ்த்துவது அவர்தம் மரபு. அந்த ஒரு சொல்லே வரவேற்பும் ஆகும், விடைகொடுத்தலும் ஆகும். அன்பு என்பதே அதன் அடிப்பொருள்.

இந்த விருந்தோம்பலே காலப்போக்கில் அவர்களுடைய பிழைப்பாகவும் மாறிற்று. ஒரு காலத்தில் கரும்பும் அன்னாசியும் அத்தீவுகளுக்குச் சோறிட்டன. கடைசிச் சர்க்கரை ஆலை 2016-இல் மூடப்பட்டது. அதற்கு நெடுநாள் முன்பே விடுதிகளும் உணவகங்களும் கடற்கரைகளும் மக்களின் வயலாகிவிட்டன. தீவுகளில் வாழ்வோர் ஏறத்தாழ 14 இலட்சம் பேர். 2019-ஆம் ஆண்டில் அங்கு வந்துபோன விருந்தினரோ ஏறத்தாழ 1 கோடியே 4 இலட்சம் பேர்! வீட்டார் ஒருவருக்கு விருந்தினர் எழுவர் என்றால் அந்த வீட்டின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

கப்பலில் வந்த நோய்கள்

கடல் கடந்து வருவோரை ஐயத்தோடு நோக்க ஹவாய் மக்களுக்குத் தக்க காரணமுண்டு. 1778-ஆம் ஆண்டில் ஆங்கிலேய மாலுமி ஜேம்ஸ் குக் அத்தீவுகளை அடைந்தார். அதுவரை வெளியுலக நோய்களை அறியாதிருந்த மக்களிடையே, அவருக்குப்பின் வந்த கப்பல்கள் பல நோய்களைக் கொண்டுவந்து சேர்த்தன. 1824-இல் இங்கிலாந்து மன்னரைக் காண இலண்டன் சென்ற இரண்டாம் கமேகமேகா அரசரும் அவர் துணைவியும் தட்டம்மை கண்டு அங்கேயே இறந்தனர். 1853-இல் பெரியம்மை வந்து ஆயிரக்கணக்கானோரை வாரிக்கொண்டு போயிற்று. சில இலட்சமாக இருந்ததென மதிப்பிடப்படும் பழங்குடி மக்களின் தொகை 1890-இல் 40 ஆயிரம் அளவுக்குச் சுருங்கிவிட்டது.

1881-இல் மீண்டும் பெரியம்மை தலைகாட்டியது. அவ்வமயம் அரசர் கலாகவுவா உலகச் சுற்றுப்பயணத்தில் இருந்தார். அவருக்குப் பதிலாக ஆட்சிப் பொறுப்பை வகித்தவர் அவர் தங்கை லிலியுவோகலானி. அவர் தயங்கவில்லை. துறைமுகங்களை மூடினார், தீவுக்குத் தீவு பயணிகள் செல்வதை நிறுத்தினார், நோயுற்றோரைத் தனியே வைத்துப் பேணச் செய்தார். நோய் பெரும்பாலும் ஓவாகுத் தீவோடு நின்றது. பின்னாளில் ஹவாயின் கடைசி அரசியான அவரை, ஏறத்தாழ 140 ஆண்டுகள் கழிந்தபின் அவர் மக்கள் நன்றியோடு நினைவுகூரும் வேளை ஒன்று வந்தது.

அடைக்கப்பட்ட வாயில்

2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கொரோனா நோய் உலகெங்கும் பரவியது. மார்ச் 26-ஆம் நாள் முதல், விமானத்தில் வந்திறங்கும் எவரும், அவர் ஊராராயினும் விருந்தினராயினும், 14 நாள்கள் அறையைவிட்டு வெளியேறாமல் தனித்திருக்க வேண்டுமென்று ஆளுநர் டேவிட் ஈகே ஆணையிட்டார். ஏழு நாள் விடுமுறையில் வருகிறவர் பதினான்கு நாள் அறைக்குள் அடைந்து கிடப்பாரா? அவ்வாணை ஏறத்தாழ வாயிலை அடைப்பதற்கு ஒப்பாயிற்று. 2019 ஏப்ரலில் எட்டரை இலட்சம் பேர் வந்த தீவுகளுக்கு, 2020 ஏப்ரலில் வந்தவர்கள் 4,564 பேர் மட்டுமே. உலகப் புகழ்பெற்ற வைக்கீக்கி கடற்கரையில் அலையின் ஓசை மட்டும் கேட்டது.

ஆணையை மீறிக் கடலில் நீராடச் சென்று, சிறைப்பட்ட பயணிகளும் உண்டு. தனித்திருக்க இயலாதவர்களுக்குத் திரும்பிச் செல்லப் பயணச்சீட்டு எடுத்துக் கொடுத்துப் பரிவோடு அனுப்பிவைத்த தொண்டு அமைப்பும் உண்டு.

நோய் அடங்கி நின்றது உண்மை. ஆனால் அதற்கு விலை ஒன்று இருந்தது. நூற்றுக்கு மூவருக்கும் குறைவானோரே வேலையற்றிருந்த அம்மாநிலத்தில், சில வாரங்களில் ஐவரில் ஒருவருக்கு மேல் வேலையிழந்தனர். விடுதிகளில் படுக்கை விரிப்பவர், பாத்திரம் துலக்குபவர், படகோட்டி, இசைவாணர் என யாவரும் வீட்டில் அமர்ந்தனர். ஒனலுலு நகரத்துப் பெரிய விளையாட்டரங்கின் முன்னே, இலவச உணவுப் பொட்டலங்களுக்காக மோட்டார் வண்டிகள் நெடுந்தொலைவு வரிசையில் நின்றன. நேற்றுவரை விருந்து படைத்த கைகள் இன்று உணவுக்காக நீண்டன.

இங்குதான் நாம் சற்று நின்று எண்ணிப்பார்க்க வேண்டும். ‘மக்களின் உடல்நலமா, சுற்றுலா வருமானமா?’ என்று பலர் வினவினர். தராசின் ஒரு தட்டில் மக்களையும், மறு தட்டில் செல்வர்களின் விடுதிகளையும் வைத்தது போன்ற கேள்வி அது. உண்மை அத்துணை எளிதன்று. விடுதி அறையைத் துப்புரவு செய்யும் தாய் ஒருத்தியை எண்ணுங்கள். விருந்தினர் வந்தால், அவர் விட்டுச்சென்ற மூச்சுக்காற்றை முதலில் சுவாசிப்பவள் அவளே. அந்நோயை மூன்று தலைமுறையினர் சேர்ந்து வாழும் நெருக்கமான வீட்டிற்குக் கொண்டு செல்ல வேண்டியவளும் அவளே. விருந்தினர் வராவிட்டால், அரிசிப் பானை வெறுமையாவதும் அவள் வீட்டிலேதான். இரு தட்டிலும் இருப்பது ஒரே ஏழைக் குடும்பம்! 2020-இல் நோய் பெருகியபோது, நெருக்கடியான வீடுகளில் வாழ்ந்த பசிபிக் தீவு வழியினர் தங்கள் தொகைக்கு மிஞ்சிய அளவில் நோயுற்றனர் என்பதையும் மறக்கலாகாது.

ஆகவே வாயிலை அடைக்கும் ஆணை மட்டும் போதாது. அடைத்ததனால் பசிப்பவர்க்குச் சோறிடும் ஏற்பாடும் அதனுடன் சேர்ந்து வரவேண்டும். அமெரிக்க நடுவண் அரசு 2020 ஜூலை இறுதிவரை வேலையிழந்தோர்க்கு வாரந்தோறும் 600 டாலர் கூடுதலாக வழங்கியது. அவ்வுதவி இருந்தவரை மக்கள் பொறுத்தனர். அது நின்றபின் பொறுமையும் தளரத் தொடங்கியதில் வியப்பென்ன?

மூன்று நாள் கணக்கு

2020 அக்டோபர் 15-ஆம் நாள் வாயில் சிறிது திறந்தது. புறப்படுவதற்கு முந்திய 72 மணி நேரத்திற்குள் சோதனை செய்து, நோயில்லை என்ற சான்றோடு வருபவர் தனித்திருக்கத் தேவையில்லை என்று மாநில அரசு அறிவித்தது. ஆனால் கவாயி தீவு கவலைகொண்டது. ஏறத்தாழ 73 ஆயிரம் மக்கள் வாழும் சிறு தீவு அது; தீவிர சிகிச்சைக்குரிய படுக்கைகள் அங்கு மிகச் சிலவே. கோடையில் வாரக்கணக்காக நோயாளி ஒருவருமின்றி இருந்த அத்தீவில், வாயில் திறந்தபின் நோய் ஏறத் தொடங்கிற்று.

அதற்குக் காரணம் புரியாததன்று. நோய்க்கிருமி உடலினுள் புகுந்தபின் சோதனையில் தென்படச் சில நாள்கள் ஆகும். புறப்படுமுன் எடுக்கும் ஒரு சோதனை, முந்திய நாளில் தொற்றியதையும் வழியில் தொற்றியதையும் காட்டாது. ஆதலால், வந்தபின் இரண்டாவது சோதனையும் வேண்டுமென்று அத்தீவின் மேயர் டெரெக் கவகாமி கேட்டார். மாநில அரசு இசையவில்லை. டிசம்பர் 2-ஆம் நாள் முதல் கவாயி அத்திட்டத்தினின்றும் விலகி, மீண்டும் தன் வாயிலை அடைத்துக்கொண்டது.

அடைத்ததோடு நில்லாமல், 2021 ஜனவரியில் ஒரு நடுவழியையும் அத்தீவு கண்டது. சோதனைச் சான்றோடு வரும் விருந்தினர், குறிப்பிட்ட சில விடுதிகளின் எல்லைக்குள் மூன்று நாள்கள் தங்கவேண்டும். அவ்வளவில் உலாவலாம், நீராடலாம். மூன்று நாள் கழித்து மீண்டும் சோதித்து நோயில்லையெனில் தீவெங்கும் செல்லலாம். ‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்பது நம் பழமொழி. விருந்தும் மருந்தும் ஒன்றாய்ச் சேர்ந்த அந்த மூன்று நாளை நம் பாட்டிமார் கேட்டிருந்தால் புன்முறுவல் பூத்திருப்பர்! ஏப்ரல் 5-ஆம் நாள் கவாயி மீண்டும் மாநிலத் திட்டத்தில் சேர்ந்தது. தடுப்பூசி பரவியபின் விதிகள் மெல்லத் தளர்ந்து, 2022 மார்ச் மாத இறுதியில் முற்றிலும் நீங்கின. அமெரிக்க மாநிலங்களுள் அந்நோயால் மிகக் குறைந்த விகிதத்தில் உயிரிழந்தவற்றுள் ஒன்றாக ஹவாய் நின்றது.

கலாவுபாப்பா சொல்லும் பாடம்

நம் பயணத்தின் கடைசி நிறுத்தம் மொலோக்காய்த் தீவு. கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு அப்பெயர் புதிதன்று. அதன் வடகரையில் வானளாவிய செங்குத்துப் பாறைகளுக்குக் கீழே, மூன்று புறமும் கடல் சூழக் கிடக்கிறது கலாவுபாப்பா நிலமுனை. 1865-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி தொழுநோயாளரைப் பிடித்துக் கொண்டுபோய்விட்ட இடம் அது. 1866 முதல் 1969 வரை ஏறத்தாழ எண்ணாயிரம் பேர் அங்கு அனுப்பப்பட்டனர். தாயினின்றும் சேய் பிரிக்கப்பட்டது. கணவனினின்றும் மனைவி பிரிக்கப்பட்டாள். 1873 மே மாதம் அங்கே சென்ற புனித தமியான், ஏறத்தாழ பதினாறு ஆண்டுகள் அம்மக்களோடு வாழ்ந்து, அவர்கள் நோயையே தாமும் ஏற்று, 1889 ஏப்ரல் 15-ஆம் நாள் உயிர்நீத்தார். 1888-இல் அங்கு வந்த புனித மரியான் கோப் அன்னையோ, தம் சகோதரிகள் அடிக்கடி கைகழுவ வேண்டுமென்பதில் கண்டிப்பாக இருந்தார். அவர்களுள் ஒருவரையும் அந்நோய் தீண்டவில்லை. துணிவும் வேண்டும், தூய்மையும் வேண்டும் என்பதை அவ்விருவர் வாழ்வும் நமக்கு உணர்த்துகின்றன.

1969-இல் சட்டம் நீங்கியபோது, குணமடைந்தோர் பலர் அவ்விடத்தையே தம் வீடாகக் கருதி அங்கேயே தங்கினர். 1980-இல் அது தேசிய வரலாற்றுப் பூங்காவாயிற்று. ஆயினும் ஒரு நாளில் நூறு பேருக்குமேல் நுழையலாகாது என்று விதித்தனர். முதியோரின் அமைதி காட்சிப்பொருளாகிவிடக் கூடாது என்பதே கருத்து. 2020 மார்ச்சில் கொரோனா வந்ததும், எஞ்சியிருந்த அச்சில முதியோரைக் காக்க அங்கும் பயணிகள் வருகை நிறுத்தப்பட்டது.

ஒரே இடம், இரண்டு தனிமைகள். முன்னதில், வலியவர் நலமாயிருக்க எளியவர் உள்ளே தள்ளி அடைக்கப்பட்டனர். அவர்களை யாரும் கேட்கவில்லை. பின்னதில், எளியவர் நலமாயிருக்க வலியவர் வெளியே நிற்கக் கேட்டுக்கொள்ளப்பட்டனர். அவர்கள் இழந்தது ஓர் உல்லாசப் பயணம் மட்டுமே. நோய்க்காலத்துத் தடை நீதியானதா என்று அறிய இதைவிடத் தெளிவான உரைகல் வேறுண்டோ? ‘இதன் சுமை யார் தோளில் விழுகிறது? சுமக்கிறவருக்குக் கைகொடுப்பவர் யார்?’ என்னும் இரு வினாக்களையும் கேட்டுவிட்டால் போதும்.

தீவு மக்கள் அந்த ஓய்வு மாதங்களில் வேறொன்றும் கற்றனர். ஒனலுலு அருகிலுள்ள கனவுமா விரிகுடாவில் நாள்தோறும் மூவாயிரம் பேர் வரை நீராடி வந்தனர். அது மூடப்பட்டிருந்த காலத்தில் நீர் பளிங்கெனத் தெளிந்தது. 2020 டிசம்பரில் மீண்டும் திறந்தபோது, நாளொன்றுக்கு 720 பேர் போதுமென்று வரையறுத்தனர். அளவோடு வருகிற விருந்து வீட்டையும் வாழவைக்கும்.

நாமும் ஆண்டுதோறும் திருத்தலங்களுக்கும் மலைவாழிடங்களுக்கும் பயணம் செல்கிறோம். நமக்கு அது சில நாள் ஓய்வு. அங்கு வாழ்வோர்க்கோ அதுவே வீடு, அதுவே வாழ்வு. காய்ச்சலோடும் இருமலோடும் பேருந்தில் ஏறுமுன், ‘முன்பணம் வீணாகிறதே’ என்று நினையாமல், நமக்கு அறை பெருக்கித் தரும் அந்தத் தாயின் முகத்தை ஒருகணம் நினைப்போமாக. கதவைத் திறந்து வரவேற்பது வீட்டாரின் அன்பு. நேரமறிந்து வாயிலிலேயே நின்றுகொள்வது விருந்தினரின் அன்பு. ‘அலோகா’ என்னும் சொல் வரவேற்புக்கும் விடைகொடுத்தலுக்கும் பொதுவாயிருப்பதன் பொருள் இதுவேயன்றோ!