கச்சான் காற்றும் கூடங்குளமும்

எங்கள் பாடநூல்களில் இலங்கைப் படத்தைச் சுற்றி நீலம் பூசியிருக்கும். அதற்கப்பால் எதுவுமில்லை என்பதுபோல் படம் அங்கேயே முடிந்துவிடும். கற்பிட்டிக் குடாநாட்டின் மீனவக் கிராமமொன்றில் படிப்பிக்கும் எனக்கு அந்தப் படம் போதாது. என் மாணவரின் வாப்பாமார் அந்த நீலத்தில்தான் தொழில் செய்கிறார்கள். ஆசிரிய கலாசாலையில் கரும்பலகையில் படம் வரையப் பழகியிருந்ததால், மன்னார் வளைகுடாவின் மறுகரையையும் சேர்த்து வரைவது என் வழக்கமாயிற்று. கற்பிட்டியிலிருந்து ஏறக்குறைய நேர்மேற்காகக் கோடு இழுத்தால் அது தொடும் இடம் கூடங்குளம். தூரம் சுமார் 225 கிலோமீற்றர். நேர்கோட்டில் அளந்தால் மாத்தறையைவிடக் கூடங்குளம்தான் எங்களுக்குக் கிட்ட.

1988 இல் ராஜீவ் காந்தியும் கொர்பச்சேவும் செய்த உடன்படிக்கையின் வழியே வந்தது அந்த அணுமின் நிலையம். தலா 1000 மெகாவாற் வலுவுள்ள இரு உலைகளுள் முதலாவது 2013 இலும் அடுத்தது 2016 இலும் மின்தொகுதியோடு இணைக்கப்பட்டன. மேலும் நான்கு உலைகளுக்கும் அங்கேதான் இடம் ஒதுக்கப்பட்டது. உலைகளின் குளிராக்கலுக்குக் கடல்நீரை எடுத்து, சூடாகிய நீரைக் கடலிலேயே விடுகிறார்கள். அந்தச் சூடு அக்கரையை அண்டிய மீன்களுக்கும் மீனவருக்கும் உரிய பிரச்சினை, எங்கள் கரைவரை வராது. எங்கள் அச்சம் விபத்தைப் பற்றியது. வருடத்தில் பல மாதங்கள் கச்சான் அந்தத் திசையிலிருந்துதான் வீசுகிறது.

2011 இல் ஃபுக்குஷிமா விபத்தின் பிறகு இடிந்தகரை மக்கள் போராடிய செய்திகள் வானொலியில் வந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு மாணவனின் வாப்பா என்னிடம் கேட்டார்: "சேர், அங்கிட்டு ஏதும் ஒண்டு ஆச்செண்டா நமக்கு யாரு சொல்லுற?"

இது படிக்காதவரின் வெறும் பயமல்ல. 1986 ஏப்ரல் 26 ஆம் திகதி செர்னோபில் உலை வெடித்தபோது சோவியத் அரசு அயல்நாடுகளுக்கு அறிவிக்கவில்லை. இரண்டு நாட்களின் பின், சுமார் 1100 கிலோமீற்றர் தொலைவில், சுவீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஓர் ஊழியரின் சப்பாத்தில் ஒட்டியிருந்த கதிரியக்கம் எச்சரிக்கைக் கருவியை ஒலிக்கச் செய்தது. உலகம் விபத்தை அறிந்த விதம் அது. அதன் விளைவாகவே அணுவிபத்தை உடனடியாக அறிவிக்கவேண்டும் என்ற சர்வதேச உடன்படிக்கை அதே ஆண்டில் உருவாயிற்று. இந்தியாவும் இலங்கையும் அதில் சேர்ந்துள்ளன. 2015 பெப்ரவரியில் இரு நாடுகளும் அணுசக்தி ஒத்துழைப்பு ஒப்பந்தமொன்றிலும் கைச்சாத்திட்டன. ஆகவே அந்த வாப்பாவின் கேள்விக்கு இன்று கடதாசியிலாவது ஒரு பதில் இருக்கிறது.

ஆனால், நடந்தபின் சொல்வது வேறு, நடக்குமுன் கேட்பது வேறு. சூழல் தாக்க மதிப்பீடு என்பது இந்த இரண்டாவதற்கு உரியது. என்ன கட்டப்போகிறோம், அதனால் யாருக்கு என்ன நேரலாம், நேர்ந்தால் என்ன செய்வோம் என்பதை எழுதி மக்கள் முன் வைப்பதே அது. கூடங்குளத்தின் முதலிரு உலைகளுக்கும் 1989 இலேயே சூழல் அனுமதி கிடைத்துவிட்டது. மக்களின் கருத்தைக் கேட்கவேண்டும் என்ற விதி இந்தியாவில் அதற்குப் பின்னரே வந்தது. அடுத்த உலைகளுக்காக 2007 இல் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. அதுவும் மாவட்டக் கணக்கில் நடப்பது. கற்பிட்டி மீனவனுக்கு அங்கே கதிரை கிடையாது.

வேறு இடங்களில் எப்படி? ஐரோப்பிய நாடுகள் 1991 இல் பின்லாந்தின் எஸ்போ நகரில் ஓர் உடன்படிக்கை செய்தன. எல்லைதாண்டிப் பாதிக்கக்கூடிய திட்டமென்றால் அயல்நாட்டுக்கு அறிவித்து, அந்நாட்டு மக்களின் கருத்தையும் கேட்கவேண்டும். பெலாரஸ் தன் அஸ்திராவெத்ஸ் அணுமின் நிலையத்தை லித்துவேனியத் தலைநகர் வில்னியசிலிருந்து சுமார் 50 கிலோமீற்றரில் கட்டியபோது லித்துவேனியா இதன்கீழ் முறையிட்டது. பெலாரஸ் விதிமீறியது என 2019 இல் உறுப்பு நாடுகள் முடிவுசெய்தன. நிலையமோ 2020 இல் இயங்கத் தொடங்கிற்று. லித்துவேனியா தன் மக்களுக்கு அயடீன் வில்லைகளைப் பகிர்ந்தது. உடன்படிக்கை உலையை நிறுத்தவில்லை. ஆனால் கேட்கவும் பதில் பெறவும் ஒரு வாசல் இருந்தது. எஸ்போவில் இந்தியாவும் இல்லை, நாமும் இல்லை.

அதற்காக வெறுங்கையோடு நிற்கிறோம் என்றும் சொல்வதற்கில்லை. ஆர்ஜென்டினாவுக்கும் உருகுவேக்கும் இடையிலான காகிதக்கூழ் ஆலை வழக்கில் 2010 இல் சர்வதேச நீதிமன்றம், எல்லைதாண்டிய பாரிய தீங்குக்கு வாய்ப்பிருந்தால் சூழல் தாக்க மதிப்பீடு செய்வது பொதுச் சர்வதேசச் சட்டத்தின் கடமை என்றது. மதிப்பீட்டில் என்ன இருக்கவேண்டும் என்பதை மட்டும் அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கு விட்டது.

இங்கே எனக்கு ஒரு தமிழாசிரியனின் ஆதங்கமும் உண்டு. இந்திய விதிப்படி மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியிலும் தரப்படவேண்டும். கூடங்குளத்தின் உள்ளூர் மொழி தமிழ். லித்துவேனியனுக்கு மொழிபெயர்ப்பு தேவை, எங்களுக்கு அதுவும் தேவையில்லை. அந்தப் பிரதியில் ஒன்று கற்பிட்டிப் பிரதேச சபையின் நூலகத்துக்கு வந்து சேர எவ்வளவு செலவாகும்?

கேட்பவன் கொடுக்கவும் ஆயத்தமாயிருக்கவேண்டும். இலங்கையும் அணுமின்சாரத்தைப் பற்றி யோசிக்கும் நாடுதான். 2022 இல் சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் குழுவொன்று இங்கு வந்து எங்கள் ஆயத்தங்களை ஆராய்ந்தது. எங்கள் சட்டப்படி சூழல் தாக்க அறிக்கையொன்று 30 வேலைநாட்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். நாளை எங்கள் கரையில் ஓர் உலை எழுமானால் அந்த அறிக்கை மறுகரைக்கும் போகவேண்டும். இடிந்தகரை மீனவன் அதை வாசித்துவிட்டு எங்கள் அதிகாரிகளிடம் கேள்வி கேட்கவேண்டும், அவனுக்குப் பதிலும் போகவேண்டும்.