பொருத்தம் பார்த்துப் புறப்பட்ட பயணம்

காயல்பட்டினத்திலிருந்து நாகூர் வரை கடலையொட்டிச் செல்லும் பாதை 300 கிலோமீட்டரைத் தாண்டும். தூத்துக்குடி, கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி, அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை என நம்மவர் நெடுங்காலமாக வாழ்ந்து வரும் ஊர்கள் பலவும் அவ்வழியில் அமைந்துள்ளன. பேருந்தில் கண்மூடிக் கடந்த அவ்வூர்களை மிதிவண்டியில் நிதானமாகக் காண வேண்டும் என்பது என் நெடுநாள் ஆவல். 2023 ஜனவரியில் அந்த ஆவல் நிறைவேறியது. உடன் வந்தவன் என் லாத்தாவின் மகன். வயது இருபத்திரண்டு.

மருமகனின் மிதிவண்டி, ஹாங்காங்கிலிருந்து ஊர் திரும்பிய உறவினர் ஒருவர் கொடுத்தது. பின்சக்கரத்தில் ஒன்பது கியர்கள். வந்த வழியில், சங்கிலியைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் நகர்த்தும் பின் கை வளைந்துபோயிருந்தது. முதல் மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியைச் செலவிட்டு, அவனே புதிய கை ஒன்றை வாங்கிப் பூட்டியிருந்தான். மலைப்பாதை வண்டிகளுக்கான உயர்ரகப் பொருள். ஆனால் பத்துக் கியருக்கு உரியது. "கம்பெனி ஒன்றுதானே மாமா!" என்றான் பெருமையுடன்.

செவ்வாய்க்கிழமை புறப்படுவதாக ஏற்பாடு. திங்கள் மாலை சுமையேற்றி ஓட்டிப் பார்த்தபோதுதான் குறை தெரிந்தது. கியர் விசையை ஒருமுறை தட்டினால் சங்கிலி அசையும். அடுத்த சக்கரத்தில் ஏறாது. மீண்டும் தட்டினால் இரண்டுக்கும் இடையே நின்று கரகரக்கும். மேட்டில் அழுத்தி மிதித்தபோது சட்டென்று நழுவி, மருமகன் நிலைதடுமாறினான்.

"போகிற வழியில் சரிசெய்துகொள்ளலாம் மாமா. கீழக்கரையில் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது" என்றான். உண்மையைச் சொல்வதானால், நானும் ஒரு கணம் இசைந்துவிட்டேன். "உன்னை நம்பித்தான் தம்பி பிள்ளையை அனுப்புறேன்" என்று லாத்தா அன்று காலை கூறியது நினைவுக்கு வந்திராவிட்டால், மறுநாள் புறப்பட்டேயிருப்போம். லாரிகள் விரையும் சாலையில் சங்கிலி நழுவுவது வெறும் இடையூறன்று, உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஊரிலுள்ள பழைய சைக்கிள் கடைக்குச் சென்றோம். கடைக்காரக் காக்கா அறுபதைக் கடந்தவர். அவர் பெயர்ப்பொறிப்பைப் பார்க்கவேயில்லை, அளவுமானியை எடுத்தார். பல்சக்கரம் ஒன்றின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரை நான்கு மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதல். விசையை ஒருமுறை தட்டினால் கை நகர்ந்ததோ மூன்று மில்லிமீட்டர்தான். மூன்று தட்டுகளில் ஏறத்தாழ ஒரு முழுச் சக்கர அளவு பின்தங்கிவிடும். இதில் எந்தத் திருகைத் திருகி என்ன பயன்?

காரணம் எளிது. ஒன்பது கியர் விசை ஒவ்வொரு தட்டுக்கும் கம்பியை ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் இழுக்கிறது. பழைய வகைக் கை அந்த இழுப்பை 1.7 மடங்காக்கிச் சங்கிலியை நகர்த்தும். சக்கரங்களின் இடைவெளிக்கு அது சரியாக இருக்கும். பத்துக் கியர் மலைவண்டியின் கையோ ஏறத்தாழ 1.2 மடங்குதான் நகர்த்தும். அதற்குரிய விசை கம்பியைக் கூடுதலாக இழுக்கும் என்று எண்ணிச் செய்யப்பட்டது அது. இரண்டுமே நல்ல பொருள்கள். சேர்ந்து இயங்கத்தான் அவற்றால் இயலாது.

காக்கா தகரப் பெட்டியைத் துழாவி, எட்டுக் கியர் வண்டியிலிருந்து கழற்றிய பழைய கை ஒன்றை எடுத்தார். எட்டுக்கும் ஒன்பதுக்கும் அந்த மடங்கு ஒன்றே என்பதால் அது பொருந்தியது. அது தொங்கும் கொக்கியும் சற்று வளைந்திருக்க, அதை நிமிர்த்தினார். சங்கிலி பெரிய சக்கரத்தைத் தாண்டி ஆரக்கம்பிக்குள் விழாதபடி எல்லைத் திருகுகளை அமைத்தார். புதுச் சங்கிலியில் பன்னிரண்டு அங்குலம் இருக்க வேண்டிய நீளத்தை அளந்தார். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நீண்டிருந்ததால், ஒன்பது கியருக்குரிய புதுச் சங்கிலி மாற்றச் சொன்னார். அது தூத்துக்குடியிலிருந்து வர ஒருநாள் ஆயிற்று. புதன் மாலை, முழுச் சுமையுடன் திருச்செந்தூர் சாலையில் ஓட்டிப் பார்த்தோம். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சக்கரம், ஓசையில்லை. மருமகன் விலையுயர்ந்த தன் கையைத் துணியில் சுற்றி வீட்டில் வைத்தான், ஒன்றும் பேசவில்லை.

வியாழன் சுப்ஹு தொழுது பிஸ்மி சொல்லிப் புறப்பட்டோம். தூத்துக்குடி உப்பளங்களைக் கடந்ததும் வடகிழக்குக் காற்று முகத்தில் அறைந்தது. இப்பாதையில் மலையில்லை, காற்றே மலை. வேம்பார், சாயல்குடி வழியெங்கும் பனையும் கருவேலமும்தான். பஞ்சர் ஒட்டும் கடைகளைக் கண்டோம். ஆனால் ஒன்பது கியர் வண்டிக்கான உதிரிப் பொருள் ஒன்றைக்கூட எங்கும் காணவில்லை. கியரை இறக்கி இறக்கி மெல்ல மிதித்தோம். "அந்தக் கையோடு வந்திருந்தால் இங்கேயே உட்கார்ந்திருப்போம் மாமா" என்று அவனாகவே சொன்னான்.

பயணிக்கு ஜும்ஆ கடமையில்லை எனினும், வெள்ளியன்று கீழக்கரையை எட்டி ஜும்ஆவில் கலந்துகொண்டோம். வள்ளல் சீதக்காதியின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் பெரிய ஜும்ஆ பள்ளியின் கற்றூண்களை மருமகன் நெடுநேரம் தொட்டுப் பார்த்தான். கல்லோடு கல் அளவொத்து நிற்பதை அன்று வேறு கண்ணால் கண்டிருப்பான். திங்கள் மாலை, மராட்டிய மன்னர் பிரதாப சிங் எழுப்பிய 131 அடி மினாரா தொலைவில் தெரிந்தபோது இருவரும் அல்ஹம்துலில்லாஹ் என்றோம்.

ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே தவக்குல் என்று மதரஸாவில் படித்தவர்கள் நாம். நெடும்பயணம் புறப்படும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் சொல்ல வேண்டியதும் அதுவே. பெயரையும் விலையையும் பார்த்து நிறைவடையாமல், அளவு ஒத்திருக்கிறதா என்று வீட்டு வாசலிலேயே சுமையேற்றிச் சோதித்துக்கொள்ளட்டும். இரண்டு நாள் தாமதம் ஒரு குறையன்று.