தகரம் ஏன் வேர்க்குது?

மார்ச், ஏப்ரல் வந்தா கண்டி டவுன்ல ஒரே பேச்சுதான். ஏசி முந்தி மாதிரி குளிரல. ரிப்பேர் பண்றதா, புதுசு வாங்குறதா? கம்பஸுக்குப் போக நான் போர்டிங் இருக்கிற வீட்டு ஆன்ட்டியும் போன வருஷம் இதைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாங்க.

பதில்ல பெரிய ரகசியம் ஒண்ணும் இல்ல. ஏசிக்குள்ள இருக்கிற கேஸ், பெட்ரோல் மாதிரி எரிஞ்சு தீர்ற சாமான் இல்ல. மூடின குழாய்க்குள்ள சுத்திக்கிட்டே இருக்கும். அது குறைஞ்சிருக்குன்னா எங்கேயோ கசியுதுன்னு அர்த்தம். கசிவை அடைக்காம வருஷா வருஷம் கேஸ் அடிக்கிறது வீண் செலவு. பல நேரம் பில்டரைக் கழுவினாலே காத்து நல்லா வர ஆரம்பிச்சிரும். ஒழுங்கா பார்த்துக்கிட்டா பத்து, பதினஞ்சு வருஷம் ஓடும். வயசான மெஷின்ல கம்ப்ரசர் போயிட்டா மாத்துறதுதான் புத்தி. அது பழைய ஆர்-22 கேஸ்ல ஓடுறதா இருந்தா இன்னும் யோசிக்கவே வேணாம். மொன்ட்ரியல் உடன்படிக்கைப்படி நம்மள மாதிரி நாடுகள் 2030க்குள்ள அந்த கேஸைக் கைவிடணும்.

ஆனா இந்தப் பதில் எல்லாத்துக்கும் அடியில சொல்லாத ஒரு விஷயம் இருக்கு. கேட்கிறவர் அந்த வீட்டுக்குச் சொந்தக்காரர். சுவரில துளை போட அவர் யார்கிட்டயும் அனுமதி கேட்கத் தேவையில்ல.

என் ஊர் மடுல்கெல்ல. வத்தேகம, பன்வில தாண்டி நக்கிள்ஸ் மலைப் பக்கம் ஏறணும். அங்க லயத்துல யார் வீட்டுலயும் ஏசி கிடையாது, ஹீட்டரும் கிடையாது. ஆனா டிசம்பர்ல மூடுபனி இறங்கினா எங்க ஆட்கள் கேட்கிறதும் சூட்டையும் குளிரையும் பத்தின கேள்விகள்தான். எங்க லயத்துல நான் அடிக்கடி கேட்டிருக்கிற மூணு கேள்விகளை இங்க எடுத்துக்கிறேன்.

முதல் கேள்வி: மழையே இல்ல, ஆனா விடியக்காலையில கூரை ஒழுகுதே, ஏன்?

அது ஓட்டை இல்ல. இராத்திரி வானம் தெளிஞ்சிருந்தா, கூரைத் தகரம் தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுட்டு வெளிக்காத்தை விடவும் குளிர்ந்து போயிரும். உள்ள 10க்கு 12 அடி காம்பரா. அதுல அஞ்சு பேரோட மூச்சு, அடுப்புல கொதிக்கிற தண்ணி, கொடியில காயுற ஈரக் கம்பளி. இந்த ஆவியெல்லாம் மேல போய்க் குளிர்ந்த தகரத்துல பட்டு, தண்ணியாகிச் சொட்டுது. ஐஸ் தண்ணி ஊத்தின கிளாஸுக்கு வெளியில வேர்க்கிறது மாதிரிதான். எங்க அப்பாயி "தகரம் வேர்க்குது"ன்னு சொல்லுவாங்க. கம்பஸ்ல புவியியல் படிச்ச பிறகுதான் தெரிஞ்சுச்சு, அவங்க சொன்னது ரொம்பச் சரின்னு. இதுக்குத் தார் பூசினா நிக்காது. தகரத்துக்குக் கீழ ஒரு சீலிங் போட்டு, நடுவுல இருக்கிற இடைவெளியில காத்து போக வழி விடணும். பகல்ல தகரம் கொதிக்கிறப்போ காம்பராவுக்குள்ள சூடு இறங்காம தடுக்கிறதும் அதே சீலிங்தான்.

இரண்டாவது கேள்வி: அடுப்புப் புகை ஏன் வெளியில போக மாட்டேங்குது?

இரட்டை லயத்தைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். முதுகோட முதுகு ஒட்டின மாதிரி ரெண்டு வரிசைக் காம்பராக்கள். பின்பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். அதனால ஜன்னலும் கதவும் ஒரே பக்கம்தான். ஒரு பக்கத்தால வர்ற காத்துக்கு இன்னொரு பக்கத்தால போக வழி இல்லைன்னா புகை உள்ளயே நிக்கும். குளிருதுன்னு கதவைச் சாத்தினா புகை, புகைக்குத் திறந்தா குளிர். 2022ல இது இன்னும் மோசமாச்சு. ஏப்ரல்ல 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் 4,860 ரூபாய். ஆகஸ்ட்ல ஒரு லீட்டர் மண்ணெண்ணெய் 87 ரூபாய்ல இருந்து 340க்குப் போச்சு. கேஸுக்கு மாறியிருந்த வீடுகளும் திரும்ப மிலாறு பொறுக்கப் போனாங்க. வீட்டுக்குள்ள எரிக்கிற விறகு, கரி மாதிரியான எரிபொருளோட புகையால 2020ல மட்டும் உலகத்துல சுமார் 32 லட்சம் பேர் செத்ததா உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அனகி அடுப்புன்னு ரெண்டு பானை வைக்கிற களிமண் அடுப்பு நம்ம நாட்டுல பரவலா கிடைக்குது. அது விறகை மிச்சம் பிடிக்கும், புகையையும் குறைக்கும். ஆனா மிச்சப் புகையை வெளியில கொண்டு போக, கூரை முகட்டுக்கு மேல உயர்ற ஒரு புகைபோக்கி வேணும். புகைபோக்கி வைக்கக் கூரையில துளை போடணும். துளை போடத் தோட்டத்துல அனுமதி கேட்கணும்.

இங்கதான் மூணாவது கேள்வி வருது: ரிப்பேர் பண்றதா, மாத்துறதா? யாரு செலவு?

டவுன்ல இதுக்கு ஒரு கணக்கு சொல்லுவாங்க. ரிப்பேர் செலவு புதுசோட விலையில பாதிக்கு மேல போனா மாத்திருங்க. லயத்துல அந்தக் கணக்கு ஓடாது. காணி அரசாங்கத்தோடது. 1972லயும் 1975லயும் தோட்டங்களை அரசு எடுத்துக்கிச்சு. 1992ல நிர்வாகத்தைக் கம்பனிகள்கிட்ட கொடுத்துச்சு. நாங்க பரம்பரை பரம்பரையா குடியிருக்கிறோம், ஆனா வீட்டுக்காரர் இல்ல. கூரை மாத்தச் சொல்லி அப்பா கொடுத்த கடிதத்துக்கு ரெண்டு வருஷமா பதில் இல்ல. கடைசியில கொழும்புல கார்மெண்ட்ஸ்ல வேலை செய்யுற அக்கா அனுப்பின காசுலதான் எட்டுத் தகரம் வாங்கினோம். லயத்துக்கு ஒரே நீளக் கூரை. எங்க பங்கை மட்டும் மாத்தினதால, பக்கத்து வீட்டுப் பழைய தகரத்தோட சேர்ற இடத்துல இப்பவும் தண்ணி இறங்குது. நாளைக்கு அந்தக் காம்பராவை விட்டுப் போனா அந்த எட்டுத் தகரத்துக்கு யாரும் கணக்குக் கேட்க முடியாது. உறுதி இல்லாததால காணியைக் காட்டி பேங்க்ல கடன் எடுக்கவும் முடியாது.

இத்தனைக்கும் தோட்டத்துல சூடும் காத்தும் ஒழுங்கா வேலை செய்யுற ஒரு கட்டடம் இருக்கு. அது ஸ்டோர். பச்சைக் கொழுந்துல முக்கால் பங்குக்கு மேல தண்ணி. அது தூளாகி வர்றப்போ மூணு சதவீதம் அளவுதான் ஈரம் மிஞ்சும். அதுக்காக வாட்டுற இடத்துல பெரிய ஃபேன் வச்சு மணிக்கணக்கா காத்து விடுறாங்க. அரைச்ச இலை பதமா நிறம் மாறணும்னு குளிர்ச்சியும் ஈரப்பதமும் பார்த்துப் பார்த்து வைக்கிறாங்க. பிறகு விறகு உலைச் சூட்டுல, 90 பாகைக்கு மேல போற காத்துல காய வைக்கிறாங்க. அங்க ஒரு ஃபேன் பெல்ட் அறுந்தா அன்னைக்கே ஆள் வந்து பார்ப்பாங்க. செலவு யாருன்னு யாரும் கேட்கிறதில்ல. அந்தக் கொழுந்தைப் பறிச்சுக் கொடுத்துட்டு, நனைஞ்சு வீட்டுக்கு வர்ற அம்மா, வேர்க்கிற தகரத்துக்குக் கீழதான் படுக்கிறாங்க. தொழில்நுட்பம் மலைக்கு வரலன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். அது எப்பவோ வந்திருச்சு, ஸ்டோர் வாசலோட நின்னிருச்சு.

7 பேர்ச்சஸ் காணியில தனி வீடுன்னு திட்டங்கள் நடக்குது. 2017ல இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்து இன்னும் 10,000 வீடு தர்றதா அறிவிச்சார். தனி வீடு பெரிய விஷயம்தான், நாலு பக்கமும் ஜன்னல் வைக்கலாம். ஆனா கட்டின வீட்டுக்கு உறுதி கிடைக்கலன்னா பழைய கேள்வி புதுச் சுவருக்குள்ள போய் உட்காரும்.

அதுவரைக்கும் செய்யக் கூடியது கொஞ்சம் இருக்கு. கடிதம் கொடுத்தா திகதி போட்டு ஒரு பிரதி வச்சுக்கோங்க. ஒரு வீடா கேட்காம, ஒரே கூரைக்குக் கீழ இருக்கிற எல்லாக் குடும்பமும் கையெழுத்து வச்சுக் கேளுங்க. வீடு தர்றோம்னு யாராவது தோட்டத்துக்கு வந்தா, சாவிக்குக் கை நீட்டுறதுக்கு முன்னாடி ரெண்டே ரெண்டு கேள்வி கேளுங்க. உறுதி யார் பேர்ல? தகரத்துக்குக் கீழ சீலிங் இருக்கா?