ஹ்வால்சே: அழிந்த ஊரா, விட்டுப்போன ஊரா?

தென் கிரீன்லாந்தின் ககோர்டோக் நகரிலிருந்து படகில் வந்தால், ஹ்வால்சேயின் மலையடிவாரப் புல்வெளியில் கூரை இழந்த ஒரு கருங்கல் தேவாலயம் நிற்கிறது. 14ஆம் நூற்றாண்டில் ஸ்காண்டிநேவிய வழிவந்த நார்ஸ் குடியானவர்கள் எழுப்பியது. சுவர்கள் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் கனம். பக்கத்திலேயே பண்ணையின் விருந்துக்கூடமும் தொழுவங்களும் இடிந்து கிடக்கின்றன. இங்கே வாழ்ந்தவர்கள் குளிரிலும் பட்டினியிலும் மர்மமாக மாண்டார்கள் என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். இந்தக் கற்களைப் பார்த்தபின் அதை என்னால் ஏற்க முடியவில்லை. வாழ முடியாமல் செத்தவர்கள் அல்லர் இவர்கள். வாழ வேறு இடம் தேடிப் போனவர்கள் என்பதே என் முடிவு.

1408 செப்டம்பரில் இந்தத் தேவாலயத்தில் ஐஸ்லாந்தைச் சேர்ந்த தோர்ஸ்டைன் ஓலாஃப்ஸனுக்கும் சிக்ரீடுக்கும் திருமணம் நடந்தது. கிரீன்லாந்து நார்ஸ் மக்களைப் பற்றி எழுத்தில் எஞ்சிய கடைசி நிகழ்ச்சி அதுதான். நம்மூர்த் தேவாலயங்களில் ஓலை வாசிப்பதைப் போல மூன்று ஞாயிறுகளில் முறைப்படி அறிவித்து நடத்திய திருமணம் என்று குருக்கள் எழுதிக் கொடுத்த சான்று இருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு, சூனியக் குற்றம் சாட்டி கோல்க்ரிம் என்பவரை எரித்திருக்கிறார்கள். கொடுமைதான், ஆனாலும் சட்டமும் சபையும் இயங்கிய ஊரின் கொடுமை அது. சிதறி ஓடும் கூட்டம் வழக்கு நடத்தாது, ஓலையும் வாசிக்காது.

கால்நடையை நம்பியே இருந்து பட்டினி கிடந்தார்கள் என்பார் உண்டு. எலும்புகளின் வேதிச் சோதனை அதை மறுக்கிறது: தொடக்கத்தில் ஐந்தில் ஒரு பங்காக இருந்த கடலுணவு பிற்காலத்தில் ஐந்தில் நான்கு பங்குவரை உயர்ந்தது. கடும் குளிருக்கேற்ப கடல்நாய்களை (சீல்) உண்ணக் கற்றுக்கொண்டவர்கள் அவர்கள். கிரீன்லாந்தின் பழங்குடிகளான இனுயிட் மக்கள் தாக்கி இப்பண்ணையை எரித்தார்கள் என்ற வாய்மொழிக் கதையும் உண்டு. அகழாய்வில் அப்படிப்பட்ட பெருந்தீயின் தடயம் கிடைக்கவில்லை. வடக்கே, நார்ஸ் மக்களின் மேற்குக் குடியேற்றத்துப் பண்ணை ஒன்றில் வெட்டுத்தடம் பதிந்த நாய் எலும்புகள் கிடைத்தது உண்மை. அங்கே யாரோ பசியில் நாயைத் தின்றிருக்கலாம். ஆனால் அது வேறொரு குடியேற்றம், அந்தத் திருமணத்துக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு முன்பே வெறிச்சோடியது.

அவர்கள் ஐஸ்லாந்துக்குப் போயிருந்தால், அங்கே அதைப் பற்றிக் குறிப்பே இல்லையே என்பதுதான் வலுவான எதிர்வாதம். 1402 முதல் 1404 வரை கொள்ளைநோய் ஐஸ்லாந்தில் ஏராளமானோரைக் கொன்றிருந்தது. நிலம் தரிசாகக் கிடந்தது, உழைக்க ஆளில்லை. அந்த நிலையில் பத்தும் இருபதுமாக வந்து சேரும் ஏழைக் குடும்பங்களை யார் ஏட்டில் எழுதப்போகிறார்கள்? திருமணச் சான்று தேவைப்பட்ட வசதி படைத்தவர்களுக்குத்தான் ஏடு பிறந்தது. 2017இல் யுனெஸ்கோ இந்தப் பண்ணை நிலப்பரப்பை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. இனியேனும் இதைப் பற்றி எழுதுபவர்கள் மர்மச் சாவுக் கதையைக் கைவிட வேண்டும்.