யார் ஊதியது?

எங்கள் இரவுப் பாடசாலையில் சனிக்கிழமை வாசிப்பு முடிந்தால் ஒரு படம் பார்ப்போம், இல்லையென்றால் ஏதாவது இசை கேட்போம். போன மாதம் ஒரு தம்பி ‘ஸ்டார் வார்ஸ்’ முகப்பு இசையைக் கொண்டுவந்தான். 1977இல் வந்த படம். இசை ஜான் வில்லியம்ஸ், வாசித்தது லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா. எங்களிடம் இருந்ததோ ஒரு கிழட்டு ஸ்பீக்கர். அதிலும் அந்த முதல் நொடி அதிர்ந்தது. பித்தளைக் கருவிகள் எல்லாம் ஒன்றாக எழுகின்றன, பிறகு டிரம்பெட் மெட்டைப் பிடிக்கிறது. நம் கணக்கில் ச, ப. அங்கிருந்து ம-க-ரி என்று மூன்று படி வேகமாக இறங்குகிறது. அடுத்து கீழ் ச வரும் என்று காது காத்திருக்கும்போது ஒரே தாவாக மேல் ச.

வாசலில் பெரியப்பா நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் தெருவில் பேண்ட் செட் வைத்திருப்பவர். நாற்பது வருஷமாக டிரம்பெட் ஊதுகிறார்.

“மெட்டுப் போட்டவரு பேரச் சொல்லிட்டீங்க. ஊதுனது யாருப்பா?”

எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. உழைப்பைப் பற்றி வாராவாரம் பேசுகிற கூட்டம் நாங்கள். அந்தக் கேள்வி எங்களுக்குத் தோன்றவே இல்லை.

தேடிப் பிடித்தோம். மாரிஸ் மர்பி. 1977இல் அந்த ஆர்க்கெஸ்ட்ராவில் முதல் டிரம்பெட்டாகச் சேர்ந்தவர். சேர்ந்து முதல் வேலையே இந்த ஒலிப்பதிவுதான். பிறகு முப்பது ஆண்டுகள் அங்கேயே இருந்தார். அதற்கு முன் எங்கே என்று பார்த்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தோம். இளமையில் அவர் பிளாக் டைக் மில்ஸ் பேண்டில் முதன்மை கார்னெட் வாசித்தவர். கார்னெட் என்பது டிரம்பெட்டுக்குக் குட்டைத் தம்பி. பிளாக் டைக் என்பது இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், குவீன்ஸ்பரி என்ற ஊரில் இருந்த கம்பளி மில். 1855இல் மில் முதலாளியே கருவிகள் வாங்கித் தந்து தொழிலாளர்களை வைத்து உருவாக்கிய பேண்ட் அது. முதலாளி ஏன் காசு செலவழித்தார் என்பதைத் தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பேண்ட் பயிற்சிக்குப் போகிறவன் சாராயக் கடைக்கும் போகமாட்டான், சங்கத்துக்கும் போகமாட்டான் என்ற கணக்கு. அது எல்லா இடத்திலும் பலிக்கவில்லை. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களும் தங்கள் பேண்டுகளோடுதான் ஊர்வலம் போனார்கள். பித்தளைக் கருவியில் மூன்றே வால்வுகள். தறியில் காய்த்துப்போன விரலுக்கும் அது வசப்படும்.

மர்பி மில்லில் வேலை செய்தார் என்று நாங்கள் சொல்லவில்லை, அவர் முழுநேர இசைக் கலைஞர். ஆனால் அவர் வளர்ந்த பேண்ட் அந்த மில்லில் பிறந்தது.

இதைப் பெரியப்பாவிடம் சொன்னோம். “அப்ப நம்ம ஆளு மாதிரிதான்” என்றார். பிறகு அவர் சொன்னதுதான் எங்களுக்கு உண்மையான இசைப் பாடம். “ச, ப, மேல ச, மூணுக்கும் விரலே வேணாம் தம்பி. ஒரு வால்வையும் அமுக்கக் கூடாது. எல்லாம் உதடுதான்.” ஊதியும் காட்டினார். விரல்கள் அசையவில்லை, கழுத்து நரம்பு மட்டும் புடைத்தது. மேல் ச பிசிறியது. “உதடு செத்துப்போச்சு. நேத்து ரெண்டு ஊர்வலம்” என்றார்.

வெள்ளைக்காரன் பட்டாளத்தோடு வந்த கருவி இது. நம் தெருக்களுக்கு எப்படி வந்தது என்பதில் ஒரு வலி இருக்கிறது. சாவுக்குப் பறை அடிக்கமாட்டோம் என்று எழுந்தவர்களில் சிலர் பேண்டுக்கு வந்தார்கள். தோளில் பட்டை வைத்த சட்டை ஒரு மரியாதை தரும் என்று நம்பினார்கள். “அந்தச் சட்டையப் போட்டா ‘டேய்’னு கூப்பிட ஒரு நிமிஷம் யோசிப்பான்” என்பார் பெரியப்பா. ஒரு நிமிஷம்தான். போன வைகாசியில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை ஊர்வலத்தை மண்டபம் வரை ஊதிக் கொண்டுபோய்விட்டார்கள். வாசலோடு பேண்ட் நின்றது. உள்ளே வாங்க என்று யாரும் கூப்பிடவில்லை. சாப்பாடு பொட்டலமாக வந்தது, அதை வேன் ஓரமாக நின்று சாப்பிட்டார்கள். தியேட்டரில் அதே பித்தளை ஒலிக்குச் சிலிர்க்கிறவர்கள்தான் தெருவில் அதை ‘பேண்ட் சத்தம்’ என்கிறார்கள்.

அன்று முழுவதும் கேட்டுக்கொண்டே இருந்தோம். 1980இல் வந்த இரண்டாம் படத்தின் ‘இம்பீரியல் மார்ச்’ பெரியப்பாவுக்குப் பிடிக்கவில்லை. “போலீஸ் வர்ற மாதிரி இருக்கு” என்றார். அதைவிடச் சரியான விமர்சனம் இருக்க முடியாது. முதல் படத்தில் பண்ணைப் பையன் லூக் இரட்டைச் சூரியன்கள் மறைவதைப் பார்த்து நிற்பான், அங்கே ஒற்றை ஹார்ன் மெதுவாகத் தொடங்கும். அதை மூன்று முறை போடச் சொன்னார். “இவன் அவசரப்படல பாரு.”

ஏப்ரல் 14 ஊர்வலத்துக்கு அவர்தான் பேண்ட். அண்ணல் படத்துக்கு மாலை போட்டு வண்டி கிளம்பும்போது, வழக்கமான பாட்டுக்கு முன்னால் திடீரென்று ச, ப, மகரி. மேல் ச பிசிறியது. நிறுத்தி, உதட்டைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஊதினார். இந்த முறை நின்றது. சைடு டிரம் அடிக்கிற பையனுக்கு அது என்ன பாட்டு என்றே தெரியாது. ஆனாலும் சரியான இடத்தில் அடித்தான்.