இல்லாத மாட்டுக்கு மருந்து

"மாடு எத்தனாவது ஈத்துன்னு கேட்டா என்ன சொல்வீங்க சார்?"

முழித்தேன். செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவன்தான். ஆனால் எங்கள் வீட்டில் மாடு இருந்தது தாத்தா காலத்தோடு சரி.

"ரெண்டாவதுன்னு சொல்லுங்க. சிந்துக் கலப்பு. கன்னு போட்டு ஒரு வாரம் ஆச்சு. மடி வீங்கிக் கெடக்கு, பால் திரி திரியா வருது. வலிக்கு ஊசி மருந்து வேணும்னு மட்டும் கேளுங்க. மருந்துப் பேரை நீங்களா சொல்லிடாதீங்க. அவங்க எதை எடுத்துக் குடுக்கறாங்கன்னுதான் பார்க்கணும்."

பாறு பற்றி மூன்று வருடமாக ஆய்வு செய்துகொண்டிருக்கும் பெண் அவள். பாறு என்றால் பிணந்தின்னிக் கழுகு. சங்கப் பாடல்களில் இருக்கும் சொல்; நாம் கைவிட்டதை இப்போது இந்த ஆய்வாளர்கள்தான் மறுபடி புழக்கத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். மோயாற்றுப் பள்ளத்தாக்கில் அவளோடு நான்கு நாள் சுற்ற வேண்டும் என்று இதற்காகவே ஒரு பைனாகுலரை வாங்கிக்கொண்டு வந்திருந்தேன். முதல் நாள் காலை அவள் என்னைக் கொண்டுபோய் நிறுத்திய இடம், மலையடிவாரச் சந்தை ஊரில் புண்ணாக்கு மூட்டைகளுக்கு நடுவே இருந்த ஒரு கால்நடை மருந்துக் கடை. அவளே போக முடியாது. நாலைந்து முறை போய் முகம் பழகிவிட்டது. பைனாகுலரைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டேன்.

கள ஆய்வு என்றால் முட்காட்டில் தவழ்வது, மரத்தில் ஏறுவது என்றுதான் நினைத்திருந்தேன். கடை கடையாகப் பொய் சொல்வதும் அதில் சேர்த்தி என்று தெரியாது. யோசித்துப் பார்த்தால் பாறுகள் அழிந்த கதையின் முடிச்சே கடையில்தான் அவிழ்ந்திருக்கிறது. தொண்ணூறுகளில் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் முழுக்கப் பாறுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. வெண்முதுகுப் பாறு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் போய்விட்டது. ஏதோ வைரஸ் என்று வருடக்கணக்கில் தேடினார்கள். லிண்ட்சே ஓக்ஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவரும் அவர் குழுவும் பாகிஸ்தானில் செத்த பறவைகளை அறுத்துப் பார்த்தபோது சிறுநீரகம் பழுதாகி, உள்ளுறுப்புகள் மேல் யூரிக் அமிலம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. வைரஸ் கிடைக்கவில்லை. கடைசியில் அவர்கள் கால்நடை மருத்துவர்களிடமும் மருந்துக் கடைகளிலும் போய், மாட்டுக்கு என்னென்ன விற்கிறீர்கள் என்று விசாரித்தார்கள். அப்படி அகப்பட்டதுதான் டைக்ளோபினாக். நமக்கு மூட்டு வலி என்றால் போடுகிறார்களே, அதே மருந்து. 2004இல் அந்த ஆய்வு வெளியானது. 2006இல் இந்தியா மாட்டுக்கு அதைத் தடை செய்தது. ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் செத்து, அதைப் பாறுகள் தின்றால் கூட்டத்தோடு போய்ச் சேரும். செத்த மாடுகளில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே அத்தனை பெரிய சரிவுக்குப் போதும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

முதல் கடையில் நான் ஒப்பித்து முடிப்பதற்குள் கடைக்காரர் மெலாக்சிகாம் குப்பியை எடுத்து மேசையில் வைத்தார். பாறுக்குக் கெடுதல் செய்யாத மருந்து. ரசீதும் கொடுத்தார். எனக்குச் சப்பென்று போய்விட்டது. வில்லனைத் தேடி வந்தவனுக்கு ஒழுங்கான வியாபாரி கிடைத்தால் வேறெப்படி இருக்கும்?

இரண்டாவது கடையில் மாட்டிக்கொண்டேன்.

"மடியில எந்தக் காம்புங்க?"

இந்தக் கேள்விக்கு என்னைத் தயார் செய்யவில்லை. "எல்லாந்தான்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "கழுகாபீசுங்களா?"

"என்னது?"

"தெரியுமுங்க. போன மாசம் ஒரு புள்ள வந்துச்சு. அதுக்கு முந்தி ஒரு தாடிக்காரத் தம்பி. இப்ப நீங்க. அந்த மருந்த நான் தொட்டே பல வருசமாச்சுங்க. சீட்டு எழுதறது டாக்டரு, பாட்டில்ல அடைக்கறது கம்பெனிக்காரன். அவங்ககிட்டயெல்லாம் இந்த மாதிரி மாடு செத்துப்போச்சுன்னு கத சொல்லிக்கிட்டுப் போவீங்களா? நாங்கதான் உங்களுக்குத் திருடனாட்டம் தெரியறமா?"

செத்துப்போச்சு என்று நான் சொல்லவில்லை, ஆனால் அதைச் சொல்லித் திருத்தும் நிலையில் இல்லை. வெளியே வந்து அவளிடம் புலம்பினேன். தாளில் குறித்துக்கொண்டே கேட்டாள். "அவர் சொல்றது நியாயம்தான் சார். ஆனா விக்கறீங்களான்னு நேராக் கேட்டா யார் ஆமான்னு சொல்வா?" கம்பெனிக்காரர்களோடு வழக்கும் நடந்திருக்கிறது என்றாள். மாட்டுக்குத் தடை வந்த பிறகும் மனிதர்களுக்கான 30 மில்லி குப்பி கொட்டகைக்குப் போய்க்கொண்டிருந்தது. மனிதனுக்கு ஒரு வேளைக்கு 3 மில்லி போதும். பெரிய குப்பி யாருக்கு? 2015இல் 3 மில்லிக்கு மேல் குப்பி கூடாது என்று அரசு சொன்னது. கம்பெனிகள் நீதிமன்றம் போயின. 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் அரசு பக்கம் நின்றது. பிறகு கீட்டோபுரோபென், அசிகுளோபினாக் என்று வேறு மருந்துகள் அதே வேலையைச் செய்தன. 2023இல் அவற்றுக்கும் தடை. ஒன்றை மூடினால் அடுத்தது. அதனால்தான் மாதம் தவறாமல் கடை ஏற வேண்டியிருக்கிறதாம்.

மூன்றாவது கடையில் நடந்ததற்குத்தான் நான் தயாராக இல்லை. அங்கே தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஒரு ஆத்தா என் பொய்யை முழுதாகக் கேட்டுவிட்டது.

"ஏஞ்சாமி, மடிவீக்கத்துக்கு எதுக்கு ஊசி? சோத்துக்கத்தாழ இல்லியா உங்கூர்ல?"

இருக்கிறது என்றேன். எங்கே, எப்படி, யார் அரைப்பார்கள் என்று கேட்டது. தடுமாறினேன். "நட, காட்டறேன்" என்று எழுந்துவிட்டது. மறுக்க நினைத்தால், இவள் தூரத்தில் நின்றபடி போங்கள் போங்கள் என்று தலையாட்டுகிறாள். தகவல் கிடைக்கும் என்றால் ஆய்வாளர்களுக்கு ஈவு இரக்கம் கிடையாது.

ஆத்தா குடியிருந்த சாளை ஊருக்கு வெளியே, காட்டை ஒட்டி இருந்தது. கட்டுத்தரையில் ஒரு மாடுதான் நின்றது; பக்கத்து முளைக்குச்சி காலியாக இருந்தது. ஆத்தா வேலியோரம் போய்க் கற்றாழை மடல் ஒன்றை அரிவாளால் அறுத்து, முள்ளைச் சீவி, அம்மியில் வைத்தது. மஞ்சள்தூளைக் கொட்டி, டப்பாவிலிருந்து கொட்டைப்பாக்கு அளவு சுண்ணாம்பை வழித்துப் போட்டு ஒரு இழுப்பு இழுத்ததும் விழுது ரத்தமாய்ச் சிவந்தது. "மடியக் களுவிப்போட்டு, இதக் கொஞ்சங் கொஞ்சமாத் தண்ணி விட்டுத் தடவோணும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. அலுத்துக்கப்படாது. நாலு நாள்ல எந்திரிக்கலீன்னா என்னயக் கேளு."

பிறகு சாப்பிடச் சொன்னது. வட்டலில் ராகிக் களி, நடுவில் குழி, குழியில் கொள்ளு கடைசல். எங்கள் பக்கம் கேழ்வரகு என்றால் கூழ். ஆடி மாதம் அம்மனுக்கு ஊற்றுவதைச் சொம்பில் வாங்கிக் குடிப்போம். உருண்டையாக வந்ததை என்ன செய்வதென்று தெரியாமல் பிட்டு மென்றேன். ஆத்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. "களிய மெல்லுவாங்களா? முழுங்கு கண்ணு." முழுங்கினேன். கொள்ளின் காரத்தோடு சூடாகத் தொண்டையில் இறங்கியது. என் பொய் மட்டும் இறங்க மறுத்து நின்றது.

காலி முளைக்குச்சியைப் பற்றி நானே கேட்டேன். அதில் கட்டியிருந்த மாடு கார்த்திகையில் விழுந்துவிட்டதாம். காய்ச்சல், நாலு நாள். யாரோ வந்து ஊசி போட்டும் தேறவில்லை. குழி தோண்ட ஆள் கூலி கட்டுபடியாகாது. டிராக்டரில் கட்டி ஓடையோரம் இழுத்துப் போட்டார்கள். என்ன ஊசி? "அதாருக்குத் தெரியும். புட்டி அங்க இருக்குது பாரு." சுவர்ப் பிறையில் ரப்பர் மூடி போட்ட சின்னக் கண்ணாடிக் குப்பி. எடுத்துப் பார்த்தேன். உள்ளே விளக்கெண்ணெய். வெளியே ஒட்டியிருந்த சீட்டு எண்ணெயில் ஊறி, தேய்ந்து, ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "எண்ண வேணுமா? ஊத்திக்க" என்றது ஆத்தா.

அன்றிரவு இதைச் சொன்னதும் அவள் அதிகம் கேட்கவில்லை. கார்த்திகை, ஓடையோரம், மருந்து தெரியவில்லை என்று மூன்று கட்டங்களை நிரப்பினாள்.

மறுநாள்தான் காட்டுக்குப் போனோம். மோயாற்றங்கரையில் பெரிய நீர்மருது மரங்கள். உச்சியில் சுள்ளிக் கூடு. தென்னிந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டும் பெரிய இடம் இந்தப் பள்ளத்தாக்குதான். எட்ட நின்று பார்க்க மட்டும் அனுமதி. கூட்டருகே ஒரு பறவை கழுத்தைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தது. அவள் முகம் மாறியது. விஷம் ஏறிய பாறு இப்படித்தான் தலையைத் தொங்கப் போடுமாம். வெயில் தாங்காமல் சும்மாவும் தொங்கப் போடுமாம். எது என்று எப்படித் தெரியும்? காத்திருந்துதான்.

இரண்டே கால் மணி நேரம் காத்திருந்தோம். அசையாத ஒன்றைப் பைனாகுலரில் பார்ப்பது போன்ற அலுப்பு வேறு கிடையாது. என் நினைப்பு எங்கள் பக்கத்துத் திருக்கழுக்குன்றத்துக்குப் போனது. உச்சிவேளையில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்: மஞ்சள் முகமும் அழுக்கு வெள்ளையுமாக இரண்டு பாறுகள், பாறையில் இறங்கிச் சர்க்கரைப் பொங்கலைக் கொத்தும். காசியில் குளித்துவிட்டு வருகின்றன என்று பாட்டி சொன்னாள். தொண்ணூறுகளின் கடைசியில் அவை வராமல் போனபோது கலி முத்திவிட்டது என்றாள். ஊரே அதைத்தான் சொன்னது, நானும் நம்பினேன். அவை எங்கே போயின, பொங்கல் தவிர வேறென்ன தின்றன என்று எங்கள் ஊரில் ஒருவர்கூடத் தாளில் எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

"தூக்கிடுச்சு" என்றாள் அவள்.

தலையைத் தூக்கி, இறக்கையை உதறி, கூட்டுக்குள் குனிந்தது. வருடத்துக்கு ஒரே முட்டை, ஒரே குஞ்சு. சுள்ளி விளிம்புக்கு மேல் அந்தக் குஞ்சின் சாம்பல் தலை ஒரு கணம் தெரிந்தது. நேரத்தைக் குறித்துக்கொண்டு, தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரே மூச்சில் பாதியைக் குடித்தாள்.

ஊர் திரும்பும் நாள், பேருந்துக்காகச் சந்தை முக்கில் நின்றிருந்தேன். என் பையில் கற்றாழை மடல்கள் நான்கு, செய்தித்தாளில் சுற்றியவை, பிசுபிசுவென்று ஒழுகிக்கொண்டிருந்தன. சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தலையில் தட்டுக் கட்டோடு ஆத்தா கூப்பிட்டது.

"கண்ணு! மாடு எந்திரிச்சுதா?"

நிழற்குடையில் நின்றவர்களெல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எந்திரிச்சிருச்சு ஆத்தா."

"கன்னுக்குப் பால் விட்டியா?"

"விட்டுட்டேன்" என்றேன்.