டிஎம்சி கணக்கில் வராத மீன்

ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் பேருந்துகள் வரிசைகட்டும் அதிகாலையில் கிளம்பினோம். தேன்கனிக்கோட்டை தாண்டியதும் ராகிக் கொல்லைகள். அஞ்செட்டி மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு யானை எச்சரிக்கைப் பலகை. நாட்றாம்பாளையம் கடந்து இறங்கினால் பிலிகுண்டுலு. எதிர்க்கரை கர்நாடகம், நடுவே காவிரி.

மத்திய நீர் ஆணையம் தண்ணீரை அளக்கும் இடம் இது. 2018இல் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கென நிர்ணயித்த 177.25 டிஎம்சி இங்குதான் கணக்கிடப்படுகிறது. நான் வந்ததோ அந்த நீரில் வாழும் கூன்முதுகு மஹ்சீருக்காக.

கெண்டை குடும்பத்தின் பேருருவம் அது. தலைக்குப் பின்னால் எழும் திமில், ஆரஞ்சு நிறத் துடுப்புகள், தடித்த உதடுகள், இரண்டு ஜோடி மீசை. 1946இல் கபினி ஆற்றில் வான் இங்கன் என்பவர் தூண்டிலில் பிடித்த மஹ்சீரின் எடை 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. தாடையில் பல் கிடையாது; தொண்டைக்குள் இருக்கும் பற்களால் நண்டையும் நத்தையையும் நொறுக்கும். கரை மரங்கள் உதிர்க்கும் பழமும் அதற்கு இரைதான்.

மழைக்காலத்தில் வெள்ளத்தை எதிர்த்து மேலேறி, தெளிந்த நீரோடும் கூழாங்கல் படுகையில் மஹ்சீர் முட்டையிடும். கோடையில் ஆழமான மடுக்களில் ஒதுங்கும். அதன் வாழ்வு நிற்பது இந்த இரண்டு இடங்களை நம்பித்தான். அணை கட்டினால் ஏறும் வழி அடைபடும். மணல் அள்ளினால் படுகை போகும். மடுவில் ஒரு தோட்டா வெடித்தால் பெரிய மீனோடு குஞ்சும் செத்து மிதக்கும்.

உதவி என்று நினைத்துச் செய்த ஒன்றும் வினையாயிற்று. லோனாவாலா பண்ணையில் வளர்ந்த நீலத்துடுப்பு மஹ்சீர் குஞ்சுகளைக் காவிரியில் விட்டார்கள். கலிபோரே தூண்டில் முகாமின் 1998 முதல் 2012 வரையான பதிவுகளில் நீலத்துடுப்பு பெருகியது. மண்ணின் மீன் அருகிப்போனது.

இத்தனைக்கும் அதற்கு முறையான அறிவியல் பெயரே இல்லாதிருந்தது. கேரளத்தின் பாம்பாற்றில் கிடைத்த மஹ்சீருக்கு 2007இல் டோர் ரேமாதேவி என்று பெயரிட்டார்கள். காவிரியின் கூன்முதுகு மீனும் அதே இனம் என்று 2018இல்தான் தெளிவானது. அதே ஆண்டு, அழிவின் விளிம்பில் நிற்கும் இனங்களின் பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் அது சேர்ந்தது. இன்று மோயாறு அதன் முக்கியப் புகலிடம்.

ஓசூரை ஒட்டிய கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கினால் தென்பெண்ணையின் கேடு ஊருக்கே தெரிகிறது. மீன் குறைவது அப்படிக் கண்ணில் படாது. பிலிகுண்டுலு கரையில் நின்றபோது என்னை உறுத்தியது அதுதான். தண்ணீருக்காக இத்தனை ஆண்டுகள் வழக்காடிய நாம், அந்தத் தண்ணீரிலேயே பிறந்து வேறெங்கும் போக்கிடமில்லாத ஓர் உயிருக்காக ஒருமுறைகூடக் குரல் கொடுக்கவில்லை.

இரு மாநிலங்களும் சேர்ந்து அதன் மடுக்களையும் முட்டையிடும் படுகைகளையும் கண்டறிந்து காக்க வேண்டும். வெளியூர்க் குஞ்சுகளை விடுவதை நிறுத்த வேண்டும். ஒகேனக்கல்லுக்கு மீன் சாப்பிடப் போகும் நண்பர்களே, வெடி வைத்துப் பிடித்த மீனென்று தெரிந்தால் வாங்காதீர்கள்.